சீர் கொண்டு வந்த வண்டி

இந்தத் தண்ணீர் பாட்டில் மூடியைக் கொஞ்சம் திருகிக் கொடுங்கள் அண்ணே. வலது கைக்கு மாவுக்கட்டு போட்டுவிட்டார்கள். இடது கையால் ஒரு மூடியைக்கூடத் திறக்க முடியாது என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது. போதும், போதும்.

நீங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்களாமே. நர்ஸ் சத்தம் போட்டது காதில் விழுந்தது. காலில் சர்க்கரைப் புண்ணா? வெட்ட விட்டுவிடாதீர்கள். எனக்கு உள்ளே கிடப்பது மச்சான். அக்காள் புருஷன். மொக்கராசு என்று பெயர். தலையில் அடி. நேற்றுக் காலையிலிருந்து கண் திறக்கவில்லை. மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, பெரிய டாக்டர் பார்த்துவிட்டுத்தான் பிழைப்பாரா இல்லையா என்று சொல்வார் என்கிறார்கள். எல்லோரும் அதற்குத்தான் காத்திருக்கிறோம். எதிர் பெஞ்சில் ஒரு ஏட்டு இருந்தாரே, அவரும் அதற்குத்தான் காத்திருக்கிறார். டாக்டர் சொல்வதை வைத்துத்தான் என் மேல் என்ன கேஸ் என்று எழுத வேண்டுமாம். இப்போது டீ குடிக்கப் போயிருக்கிறார். போகும்போது, "ஓடிராத ஒச்சப்பா" என்றார். "எங்க சார் ஓடுறது, வண்டியில பேட்டரி செத்துக் கெடக்கு" என்றேன். சிரித்துவிட்டார். நல்ல மனுஷன்.

ஆனால் ஒன்று அண்ணே. நான் அடிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு யாரையும் அடித்துப் பழக்கம் கிடையாது. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அதோ, ஜன்னல் வழியாகப் பாருங்கள். வேப்ப மரத்தடியில் கிரீம் கலரில் ஒரு வண்டி நிற்கிறதா? மூக்கு உருண்டு, முதுகு நீண்டு? மாலை போட்டபடியே நிற்கிறது பாருங்கள். என் வண்டிதான். என்ன வண்டி என்று சொல்லுங்கள் பார்ப்போம். முடியாது. இந்த ஜில்லாவில் யாராலும் முடியாது. அம்பாசடருக்கு அப்பன் என்பான் ஒருத்தன், பிளிமத் என்பான் ஒருத்தன். காலையில் இருந்து நாலு டாக்டர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துவிட்டுப் போனார்கள். அந்த வண்டி ஒரு குப்பை வண்டியில் இருந்து வந்தது. இருங்கள், அப்படிச் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

என் அக்காள் மகள் நாகஜோதி. அவள் வயதுக்கு வந்தபோது சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் நான் ஒருத்தன்தான். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் என்றால் உங்களுக்குத் தெரியுமே. தட்டுத் தட்டாய்ப் பழம், சேலை, கிடா, கொட்டு, வெடி. எல்லாம் வாங்கிவிட்டேன். கொண்டு போக வண்டி கிடைக்கவில்லை, முகூர்த்த நாள். கடைசியில் பேரூராட்சியில் குப்பை அள்ள விட்டிருந்த குட்டியானை லாரி ஒன்றைக் கழுவித் துடைத்து, மாவிலை கட்டிக் கொண்டு போனேன். வாசலில் மைக்செட்காரன், "தாய்மாமன் ஒச்சப்பன் சீர் வருது, வழி விடுங்க, தாய்மாமன் சீர் வருது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். மச்சான் அவன் கையில் இருந்து மைக்கை வாங்கினார். "மாப்ள, சீர எறக்கி வச்சுட்டு, அப்படியே தெருவுல கெடக்குற குப்பையையும் அள்ளிட்டுப் போயிரு" என்றார்.

மைக்கில் அண்ணே. மூன்று தெருவுக்குக் கேட்டது.

எல்லோரும் சிரித்தார்கள். என் அக்காள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் கையை வீசினேன். மைக்கைத் தட்டிவிடத்தான். மைக்செட்காரன் குறுக்கே வந்துவிட்டான். இன்றைக்கும் ஒரு காது கேட்கவில்லை என்று சொல்லித் திரிகிறான். தொழிலே சத்தத்தில்தான், காது போகாமல் என்ன செய்யும்?

அன்றைக்கே சொல்லிவிட்டேன். இவள் கல்யாணத்துக்கு நான் சீர் கொண்டு வருகிற வண்டியில் இந்த ஜில்லாவில் எவனும் ஏறியிருக்கமாட்டான், பார்த்துக்கொள்ளுங்கள் என்று. மச்சான், "ஏரோப்ளேன்ல வா மாப்ள" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த ஆளுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு.

நான் சின்னமனூரில் டிராக்டர் மெக்கானிக். போன வருஷம் போடி மலையடிவாரத்தில் பூட்டிக் கிடந்த ஒரு ஏலக்காய் ஸ்டோரில் ஜெனரேட்டரைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். ஒரு காலத்தில் எஸ்டேட் துரைமார்கள் நடத்தினது. பின்பக்கம் ஒதுங்கப் போனேன். கொடி படர்ந்து ஒரு மேடு மாதிரி இருந்தது. மேட்டுக்குள் இருந்து ஒரு கோழி வந்தது. கொடியை விலக்கினால் கண்ணாடி. கண்ணாடிக்கு உள்ளே இன்னும் ஆறேழு கோழிகள். வண்டி அண்ணே! கார்!

உள்ளே கை விட்டேன். அடைக்கோழி ஒன்று கொத்திவிட்டது. கழுத்தைத் திருகினேன். அதற்கு அந்த வாட்ச்மேன் கிழவன், சவுரிமுத்து என்று பெயர், பெற்ற பிள்ளை செத்த மாதிரி அழுதான். "இந்த வண்டிய எனக்குத் தருவியா பெரியவரே?" என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது ஒனக்கு வேணாம்ப்பா. அதுல ஏறுனவன் எவனும் தானா எறங்குனதில்ல" என்றான். விலையை ஏற்றத்தான் இப்படிப் பேசுகிறான் என்று நினைத்தேன். அவ்வளவு சொகுசு வண்டியாம். எனக்கா தெரியாது? ஜெனரேட்டர் வேலைக்குக் கூலி வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லி, பழைய இரும்பு விலைக்கு வண்டியை எடுத்துவிட்டேன். கிழவன் செத்த கோழிக்குத் தனியாகக் காசு கேட்டான். கொடுக்கவில்லை. கொத்தியது அது.

என்ன வண்டி என்று கண்டுபிடிக்கவே வெகுநாள் ஆனது. முன்னால் இருந்த பேர் எழுத்துகளை எவனோ பிடுங்கிவிட்டான். பானெட்டுக்குள் தகடு இருந்த இடத்தில் ஆணி ஓட்டைதான் மிச்சம். சக்கரத்து மூடியில் அப்பியிருந்த கோழி எச்சத்தை உளி வைத்துச் சுரண்டினேன். பாதி எழுத்து வந்தது. அதில் ஒன்றும் பிடிபடவில்லை. எஞ்சினைத் திறந்தேன். திறந்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது அண்ணே. பிஸ்டன் ஓடுகிற நாலு ஸ்லீவும் டம்ளர் கவிழ்த்த மாதிரி தண்ணீருக்குள் தனித்தனியாக நிற்கிறது. இது நான் பார்த்த எஞ்சின். பழைய பெர்குசன் டிராக்டரில் இதே எஞ்சின்தான்! நான் தொழில் பழகினது அந்த டிராக்டரில். பிறகு மதுரையில் பழைய கார் சாமான் விற்கிற ஒருத்தருக்கு போட்டோ அனுப்பினேன். ஸ்டாண்டர்டு வேன்கார்டு, பின்கதவு வைத்தது, நேரில் பார்த்தே முப்பது வருஷம் ஆகிறது என்றார். சொன்னேனே, எவனும் ஏறாத வண்டி.

செலவா? டயர் பழைய ஜீப்பில் இருந்து எடுத்தேன், அளவு சரியாக உட்கார்ந்தது. ஹெட்லைட் அம்பாசடருடையது. முன் கண்ணாடியை மினி பஸ் கண்ணாடியில் இருந்து அறுத்தேன். சீட்டுக்கு ரெக்சின் தைத்தது குடைக்காரன். பேட்டரி மட்டும் ஓட்டை, யாரோ கழித்துப் போட்டது. ஹேண்டில் போட்டால்தான் வண்டி எந்திரிக்கும். ஹேண்டில் தெரியுமில்லையா? முன்னால் ஓட்டையில் விட்டுச் சுற்றுகிற இரும்புக் கம்பி. அதைச் சுற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கட்டைவிரலை மடக்கக்கூடாது, மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கமாக வைக்க வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் கை தப்பும். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டில்தான் சண்டை. "அக்கா மகளுக்குச் சீர் செய்ய வீட்டுக்காரி காதுத் தோட்டக் கழட்டுற ஒரே ஆளு நீதான்" என்று என் பெண்டாட்டி மாரீஸ்வரி ஆரம்பித்தாள். கையில் ஸ்பேனர் இருந்தது. கையை வீசிப் பேசுவது எனக்குப் பழக்கம். அவள் குறுக்கே வந்தாள். நெற்றியில் மூன்று தையல். உத்தமபாளையத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போனவள் இன்னும் வரவில்லை. கோபம். வந்துவிடுவாள்.

டிங்கர் வேலைக்குக் கம்பத்தில் இருந்து ஜபருல்லாவைக் கூட்டி வந்தேன். கை சுத்தம். வாய்தான் சுத்தமில்லை. மேலே பச்சைப் பெயிண்ட், அதைச் சுரண்டினால் சாம்பல், அதையும் சுரண்டினால் கறுப்பு. கறுப்பில் வெள்ளையாக ஒரு சிலுவை. ஒருநாள் ஜபருல்லா சுரண்டுவதை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஒச்சப்பா, இது என்ன வண்டின்னு தெரியுமா?"

"ஆஸ்பத்திரி வண்டி. அதான் சிலுவை போட்ருக்கான்."

"ஆஸ்பத்திரிச் சிலுவைக்கு நாலு காலும் ஒரே அளவு. இதுல பாரு, கீழ்க்கால் நீளம். இது மாதாகோயில் சிலுவை."

"பெயிண்ட் வழிஞ்சிருக்கும் பாய்."

"சரி, வழிஞ்சிருக்கும். உள்ள வா." பின்கதவைத் திறந்து தரைப் பலகையைத் தூக்கினார். வரிசையாக உருளைகள். துரு ஏறிக் கிடந்தன. ஒன்றை விரலால் தள்ளினார், சுற்றியது. "இது பெட்டிய உள்ள தள்ளுறதுக்கு. இது மையத்து வண்டி ஒச்சப்பா, பொணம் ஏத்துறது. கல்யாணச் சீர இதுலயா கொண்டு போவ?"

"ஸ்ட்ரெச்சர் தள்ளுறதுக்கும் உருளதான் வைப்பான்" என்றேன். அவர் சிரித்தார். நான் கையை வீசினேன். ஒரு பல் போய்விட்டது. பிறகு நானே ஐஸ் வாங்கிக் கொடுத்தேன், கேட்டுப் பாருங்கள். "இத வெளிய சொன்னா மிச்சப் பல்லும் இருக்காது" என்று தன்மையாகத்தான் சொன்னேன். மறுநாளே ஆள் கொச்சிக்கு வேலைக்குப் போய்விட்டார். சிலுவையை நானே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். உருளைகள் மேல் பலகையை வைத்து மூடினேன். ஆணி அடிக்கவில்லை, எதற்குச் செலவு?

நாகஜோதி அந்தச் சமயத்தில்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் பட்டறைக்கு வருவாள். ஏதோ கை கால் நீவி விடுகிற படிப்பு படித்திருக்கிறாள். பேர் வாயில் நுழையாது. வந்தால் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொள்வாள். மூன்றே கியர், ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். வளாகத்துக்குள்ளே சுற்றிச் சுற்றி ஓட்டுவாள். விளையாட்டுப் புத்தி. ஒருநாள் பின்பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். உருளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "மாமா, நீங்க வெறுங்கையோட நடந்து வந்தாலே எனக்குப் போதும். இந்த வண்டி வேணாம். சண்ட இல்லாம இந்தக் கல்யாணம் நடந்தாப் போதும்" என்றாள்.

பாவம், பிள்ளைக்கு என் மேல் அவ்வளவு பாசம். எனக்குச் செலவாகிறதே என்று பார்க்கிறாள். "நீ சும்மா இரு, ஒனக்காகத்தான் இதெல்லாம்" என்று அனுப்பிவிட்டேன்.

எஞ்சினுக்கு வருகிறேன். ஸ்லீவும் பிஸ்டனும் துருப்பிடித்து ஒன்றாகிவிட்டன. புதிது எங்கே கிடைக்கும்? அந்தக் காலத்துப் பெர்குசன் இந்தச் சுற்று வட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். யாருடையது தெரியுமா? மச்சானுடைய அப்பா வாங்கினது. தென்னந்தோப்புக் கொட்டகையில் நிற்கிறது. ஓடாது. ஆனால் தைப் பொங்கலுக்குச் சந்தனம் பூசி மாலை போடுவார்கள். அப்பா உட்கார்ந்த சீட்டாம், அதில் யாரும் உட்காரக்கூடாதாம்.

கேட்டால் தருவார் என்கிறீர்களா? தந்திருப்பார். தந்துவிட்டு மைக்கில் சொல்லியிருப்பார்.

மச்சான் வீட்டார் கல்யாணப் பத்திரிகை வைக்க ராஜபாளையம் பக்கம் போயிருந்த அன்று பட்டப்பகலில் தோப்புக்குப் போனேன். நாய் வந்தது. பழகின நாய்தான், வாலை ஆட்டிக்கொண்டுதான் வந்தது. குரைத்துவிட்டால் என்ன செய்வது? ஸ்பேனரால் ஒன்று வைத்தேன். காலோ இடுப்போ தெரியவில்லை, ஊளையிட்டுக்கொண்டே இழுத்துக்கொண்டு போய்விட்டது. எஞ்சினைத் திறந்து நாலு ஸ்லீவையும் பிஸ்டனையும் எடுத்துச் சாக்கில் போட்டேன். திரும்பவும் மூடி, மாலையை இருந்த மாதிரியே போட்டுவிட்டு வந்தேன். மரியாதை தெரிந்தவன் நான்.

வண்டி ஓடியது அண்ணே. முதல் முறை எஞ்சின் பிடித்தபோது பட்டறையில் ஒற்றை ஆளாக நின்று அழுதேன். பெண்டாட்டி இல்லை, பாய் இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்கு ஒரு மனுஷன் இல்லை. பொறாமை பிடித்த ஊர்.

நேற்றுக் காலையில் சீர். இன்றைக்கு முகூர்த்தம் நடந்திருக்க வேண்டும். கொட்டு முன்னால், வெடி முன்னால், நடுவில் என் வண்டி. தெருவே திரும்பிப் பார்த்தது. பொடிசுகள் எல்லாம் பின்னால் ஓடி வருகிறார்கள். மச்சான் வீட்டு வாசலுக்கு வந்ததும் எஞ்சின் அணைந்துவிட்டது. பரவாயில்லை, வந்து சேர்ந்துவிட்டோமே. மறுபடி சுற்ற வேண்டுமே என்று ஹேண்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். அதனால்தான் அது கையில் இருந்தது. ஏட்டுக்கும் அதைத்தான் சொன்னேன்.

"தாய்மாமன் சீர் வருது" என்று மைக்கில் சொல்லவில்லை. நிமிர்ந்து பார்த்தால், பந்தலுக்குக் கீழே மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார்? வாட்ச்மேன் சவுரிமுத்து! வேட்டி சட்டை எல்லாம் புதுசு. நான் வண்டி எடுத்த இடத்தை விசாரித்து, மச்சான் அவனைத் தேடிப் போய்ப் பத்திரிகை வைத்திருக்கிறார் அண்ணே. "பெரியவரே, எங்க மாப்ள கொண்டாந்த வண்டி எப்பேர்ப்பட்டதுன்னு நாலு பேருக்குச் சொல்லுங்க" என்கிறார் மச்சான். கிழவன் தொண்டையைச் செருமினான்.

"இந்த வண்டிய எனக்கு நல்லாத் தெரியும். எங்க துரை இதுலதான் போனாரு. தொரசாணியம்மாவும் இதுலதான் போனாங்க. காலரா வந்தப்ப லயத்துக் கூலி ஆளுக வரிசையாப் போனாங்க. கல்லறைத் தோட்டத்துக்குப் போற வழி இந்த வண்டிக்குத் தானாவே தெரியும்."

கொட்டு நின்றுவிட்டது. பழத்தட்டோடு வந்த பொம்பளைகள் தட்டை அப்படியே ரோட்டில் வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அப்போதுதான் வந்து வேனில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் இறங்கின காலை மறுபடி உள்ளே எடுத்துக்கொண்டார். என் அக்காள் அங்கம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரி வண்டி! கீழ்க்கால் வழிஞ்ச பெயிண்ட்டு!" என்று கத்தினேன். யாருக்கும் புரியவில்லை.

அக்காளின் முகத்தைப் பார்த்ததும் மச்சானுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது போல. கிழவன் கையில் இருந்து மைக்கைப் பிடுங்கி அணைத்தார். என்னிடம் வந்தார். என் தோளில் கை போட்டார். சிரித்துக்கொண்டுதான் பேசினார். காதுக்குப் பக்கத்தில், மெதுவாக.

"விடு மாப்ள, வெளையாட்டு கொஞ்சம் ஓவராப் போச்சு. வண்டி எதா இருந்தா என்ன? உள்ள ஓடுறது எங்கப்பன் எஞ்சினு. அது என் வாசலுக்கு வந்து சேந்துருச்சுல்ல? அன்னைக்கே தெரியும்டா எனக்கு. ஒங்க அக்காதான் தம்பிய ஒண்ணும் கேக்காதன்னு கையப் பிடிச்சுக்கிட்டா. வா, உள்ள வந்து சாப்பிடு."

நீங்களே சொல்லுங்கள் அண்ணே. தெரிந்திருக்கிறது. ஒரு மாதமாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்காமல், என்னை வேலை செய்ய விட்டு, வேர்க்க விட்டு, வாசல் வரைக்கும் வர விட்டு, "வா சாப்பிடு" என்கிறார். இதற்கு மைக்கில் சொல்லியிருக்கலாம். ஒரு மனுஷனை இதைவிடக் கேவலப்படுத்த முடியுமா?

தோளில் இருந்து கையை உதறினேன். கையை வீசினேன். கையில் ஹேண்டில் இருந்தது. மச்சான் குறுக்கே வந்துவிட்டார்.

தேங்காய் உடைக்கிற சத்தம். சீர்த் தட்டில் இருந்துதான் ஏதோ விழுந்துவிட்டது என்று திரும்பிப் பார்த்தேன். பார்த்தால் மச்சான் முழங்கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். சிரிப்பு அப்படியே இருக்கிறது முகத்தில். பிறகு முன்னால் சாய்ந்தார். ரத்தம் காதில் இருந்து வந்தது.

இரண்டாவதாகவும் அடித்தேன் என்று நாலைந்து பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். எனக்கு ஞாபகம் இல்லை. ஒருமுறை வீசினால் கம்பி திரும்பி வருமில்லையா, அதைப் பார்த்திருப்பார்கள்.

அவர் தம்பிமார்கள் என் மேல் விழுந்தார்கள். பந்தல் கால் ஒன்று பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். விலா எலும்பு இரண்டு போச்சு. நாகஜோதிதான் நடுவில் வந்து நின்றாள். பட்டுச் சேலை, சந்தனம், கையெல்லாம் மருதாணி. "எங்கப்பாவத் தூக்குங்க மொதல்ல!" என்று போட்டாள் ஒரு சத்தம். நூற்றெட்டுக்குப் போன் செய்தால் வேறு விபத்துக்குப் போயிருக்கிறது, நேரமாகும் என்றார்கள். தெருவோ ஒற்றை வண்டி போகிற தெரு. மற்ற வண்டியெல்லாம் என் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நிற்கிறது. என் வண்டி போனால்தான் எதுவும் போகும்.

ஆக, கடைசியில் என் வண்டிதான் உதவியது. அதை ஒருத்தனும் எழுதிக் கொடுக்கவில்லை பாருங்கள்.

பழத்தை எல்லாம் வெளியே வாரி எறிந்துவிட்டு மச்சானைப் பின்கதவு வழியாக உள்ளே தள்ளினார்கள். நான் ஹேண்டிலைச் சுற்ற ஓடினேன். அதில் வழவழவென்று இருந்தது. வழுக்கக்கூடாதே என்று கட்டைவிரலை மடக்கி இறுக்கிப் பிடித்தேன். எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்! எஞ்சின் திருப்பி உதைத்தது. இந்தக் கை அப்போது போனதுதான். மச்சான் ஆட்கள் உடைத்தார்கள் என்று எழுதச் சொன்னேன், ஏட்டு எழுதமாட்டேன் என்றுவிட்டார்.

பிறகு தள்ளி ஸ்டார்ட் செய்தார்கள். நாகஜோதி ஓட்டினாள். நான் பக்கத்தில். அக்காள் பின்னால் மச்சான் தலையை மடியில் வைத்துக்கொண்டு. ஆணி அடிக்காத பலகை விலகிவிட்டது. ஒவ்வொரு பிரேக்குக்கும் மச்சான் உடம்பு உருளை மேல் முன்னால் வரும், பின்னால் போகும். அக்காள் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவ்வளவு எண்ணெய் விட்டிருந்தேன் உருளைக்கு. ஸ்ட்ரெச்சர் போடத்தான் அது, நான் சொன்னது சரிதான் என்று அக்காளிடம் சொன்னேன். நேற்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. அதிர்ச்சி.

இங்கே வந்து இறங்கியதும் சாவியை மறக்காமல் எடுத்துக்கொண்டேன். அரைஞாண் கயிற்றில் கட்டியிருக்கிறேன். ஹேண்டில் சீட்டுக்கு அடியில் கிடக்கிறது. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து எழுதுகிற வரைக்கும் யாரும் தொடக்கூடாதாம். மாப்பிள்ளை வீட்டார் அப்படியே திரும்பிப் போய்விட்டார்களாம். போகட்டும். ஒரு வண்டியைப் பார்த்துப் பயப்படுகிற குடும்பத்தில் பிள்ளையைக் கொடுத்து என்ன ஆகப் போகிறது?

மச்சான் பிழைத்துவிட்டால் போதும் அண்ணே. பிழைத்து எழுந்து வந்துவிட்டால், அது ஆஸ்பத்திரி வண்டிதான் என்று ஊருக்கே தெரிந்துவிடும். உயிரைக் காப்பாற்றிய வண்டி. பிறகு சவுரிமுத்து மைக்கில் பேசட்டும், பார்க்கிறேன்.

இருங்கள். கதவு திறக்கிறது. நாகஜோதி வருகிறாள். ஏட்டும் கூடவே வருகிறார்.

கேட்டீர்களா அண்ணே? நீங்கள் பக்கத்தில்தானே இருந்தீர்கள்.

"அப்பாவுக்கு எப்படிம்மா இருக்கு?" என்று நான்தான் முதலில் கேட்டேன். கேட்டேனா இல்லையா? "நாளைக்கு மத்தியானம்தான் அறுத்துக் குடுப்பாங்களாம்" என்றாள். அழவில்லை. மருதாணிக் கையை நீட்டி, "வண்டிச் சாவியக் குடுங்க" என்றாள். ஏட்டு, "வண்டி கேஸ்ல சேரும்மா, ஸ்டேஷனுக்குப் போயாகணும்" என்றார். அதற்கு அவள் சொன்னாளே, கேட்டீர்களா?

"அடிச்சது ஹேண்டில் சார். அத எடுத்துக்கங்க. வண்டி எங்க வீட்டுக்கு வந்த சீரு. எங்கப்பாவ அதுலதான் கொண்டு போவேன். ஊரு பாக்கட்டும்."

ஏட்டு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இடது கையால் முடிச்சு அவிழவில்லை. அவளே குனிந்து பல்லால் கடித்து அறுத்து எடுத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. துக்கத்தில் இருக்கிறாள்.

மச்சான் போய்விட்டார் அண்ணே. சிரித்த முகம். அந்த வாயை மட்டும் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால்...

ஆனால் சொன்னாள் இல்லையா? சீர் என்று சொன்னாள். அவள் வாயாலேயே. ஏட்டு சாட்சி, நீங்கள் சாட்சி. இனி எவனும் குப்பை வண்டி என்று சொல்ல முடியாது.

அண்ணே, எனக்கு ஒரு உதவி. ஏட்டு என்னைப் பெஞ்சை விட்டு எழ விடமாட்டார். படியிறங்குகிறாள் பாருங்கள், ஓடிப் போய் அவளிடம் சொல்லுங்கள். ஹேண்டிலைப் போலீசுக்குக் கொடுத்துவிட வேண்டாம். பேட்டரி செத்துக் கிடக்கிறது, தள்ள ஆள் கிடைக்காவிட்டால் அது இல்லாமல் வண்டி எந்திரிக்காது. சுற்றும்போது கட்டைவிரலை மடக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.